கொடுவாத் தலை

பாப்பா, தம்பி, இதை ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். ஒருத்தர் படித்துவிட்டு இன்னொருத்தருக்குச் சொல்ல வேண்டாம். சொல்லும்போது மாறிப்போகும்.

போன மாதம் என் பிறந்தநாளுக்கு ஒரு சாப்பாட்டுக் கடைக்கு அழைத்துப் போனீர்கள். புருசனும் பெண்டாட்டியுமாக நடத்துகிற கடை, வீட்டில் சாப்பிடுகிற மாதிரியே இருக்கும் என்று பாப்பா சொன்னாள். அப்படித்தான் இருந்தது. நாலு வாய் சாப்பிட்டிருப்பேன். அந்த அம்மா கையில் மீன்குழம்புச் சட்டியோடு வந்து, "சாருக்குத் தலை வைக்கட்டுமா? இன்னிக்கு நல்ல கொடுவா," என்று கேட்டார். நான் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். வயிறு சரியில்லை என்று உங்களிடம் சொன்னேன். "அப்பாவ எங்க கூட்டிட்டுப் போனாலும் இதான்," என்று தம்பி வழியெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான்.

வயிற்றுக்கு ஒன்றும் இல்லை. காரணம் வேறு. வாயால் சொல்ல வராது என்று தெரிந்துதான் எழுதுகிறேன். நான் பத்தாவதோடு நின்றவன், எழுத்து முன்னே பின்னே இருக்கும். படித்து முடித்ததும் என்மேல் உங்களுக்கு இருக்கிற மரியாதை கொஞ்சம் குறையலாம். பரவாயில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. முதலியார்பேட்டையில் ஒரு சந்துக்குள் எங்கள் வீடு. வீடேதான் மெஸ். முன்னறையில் நாலு மேசை, நாலு பெஞ்சு. உள்ளே விறகடுப்பு வைத்த சமையற்கட்டு. அதற்குப் பின்னால் அடிபம்பு வைத்த முற்றம். வாசலில் போர்டு கிடையாது. மதியம் மட்டும் சாப்பாடு. சாப்பிட்டவர்கள் சமையற்கட்டைத் தாண்டிப் போய்ப் பம்பில் கை கழுவிவிட்டு வர வேண்டும். போகும்போது அடுப்பில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பார்கள். அப்பா யாரையும் ஒன்றும் சொல்ல மாட்டார்.

அப்பா சமைப்பார். அம்மா பரிமாறுவாள். அந்தக் கோடை லீவில் இலை போட்டுத் தண்ணீர் வைப்பது என் வேலை. பின்முற்றத்தில் பாத்திரம் கழுவ ஒருத்தர் இருந்தார். ஒரு கால் கொஞ்சம் இழுத்து நடப்பார். தேங்காய் நாரில் சாம்பலைத் தொட்டு அவர் தேய்த்தால் கரிப்பிடித்த குண்டானில் முகம் தெரியும். எனக்கு விசில் அடிக்கச் சொல்லிக்கொடுத்தது அவர்தான்.

அம்மா பிறந்தது மீன்பிடிக் குப்பத்தில். அதனால் எங்கள் மெஸ்ஸில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய மீனின் தலையை விற்க மாட்டோம். மீனைப் பிடித்துக் கொண்டு வந்தவருக்குத்தான் தலை. காசு கொடுத்தவன் உடம்பைத் தின்னட்டும், கடலில் இறங்கினவன் தலையைத் தின்னட்டும் என்று அம்மா சொல்வாள். எங்களுக்கு மீன் கொண்டு வந்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி. விடியும்போதே சைக்கிள் கேரியரில் ஈரச்சாக்கோடு வந்து மீனைப் போட்டுவிட்டுப் போவார். மதியம் திரும்பி வந்து சமையற்கட்டிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து தலையைப் பிரிப்பார். அவசரப்பட மாட்டார். கன்னத்துச் சதையை எடுத்து என் வாயில் வைப்பார். கண்ணை உறிஞ்சிவிட்டு உள்ளே இருக்கிற வெள்ளைக் குண்டை என் உள்ளங்கையில் துப்பி, "இந்தா, கோலி," என்பார்.

இந்த வழக்கம் வாடிக்கைக்காரர்களுக்கும் தெரியும். தெரிந்தே கேட்பார்கள். அது ஒரு விளையாட்டு. அதிகம் கேட்பவர் ஐஸ்காரர். ஐஸ் கம்பெனியில் கட்டி உடைக்கிறவர், தெற்கே இருந்த இன்னொரு குப்பத்து ஆள்.

"யக்கா, இன்னிக்காவது தலையக் காட்டுவியா, இல்ல ஒந்தம்பிக்கேதானா?"

"ஒனக்கு இன்னாத்துக்குடா தலை? இருக்கறதே சும்மாதான கெடக்குது," என்பார் எதிர்ப் பெஞ்சில் இருக்கிற பெரியவர். அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். எல்லாரும் சொல்தா என்றுதான் கூப்பிடுவார்கள். சாப்பிட்டு முடித்ததும் வயிற்றைத் தடவி "போன், போன்" என்பார். நன்றாக இருந்தது என்று அர்த்தம்.

"பெருசு ஊர் ஊராப் போயி சுட்டுட்டு வந்துதாம் யக்கா. இங்க ஒரு ஈயக்கூட அது அடிச்சி நான் பாத்ததில்ல," என்பார் ஐஸ்காரர்.

அம்மா சிரித்துக்கொண்டே ரெண்டு பேருக்கும் நடுத்துண்டாகப் பார்த்து வைப்பாள்.

அந்தக் கோடையில் ரெண்டு குப்பத்துக்கும் கடலில் தகராறு வந்தது. யார் வலையை யார் அறுத்தார்கள் என்று ஆரம்பித்து, ஒருநாள் படகோடு படகை மோதிக்கொண்டு துடுப்பால் அடித்துக்கொண்டார்கள். மாமா அடித்த ஓர் அடி தெற்குக் குப்பத்துப் பையன் ஒருவன் கையில் விழுந்தது. படகு விளிம்பைப் பிடித்திருந்த கை. நாலு விரல் போய்விட்டது. அவனுக்குப் பதினெட்டு வயசு. அடித்தவன் கையை எடுக்காமல் விடுவதில்லை என்று தெற்குக் குப்பத்தில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார்கள்.

மாமா எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். சமையற்கட்டுக்கு மேலே விறகு அடுக்குகிற பரணில் அப்பா அவரை ஏற்றிவிட்டு, ஏணியைக் கொண்டுபோய் முற்றத்துச் சுவரில் சாய்த்து வைத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். போனேன். கன்னத்தில் பளார் என்று ஓர் அறை. காது ரீங்கென்றது.

"நான் ஒண்ணும் பண்ணலியேப்பா."

"பண்ணல. பண்ணிடக் கூடாதுன்னுதான் இது. மாமா எங்கன்னு எவன் கேட்டாலும் காரைக்கால் போயிருக்குன்னு சொல்லணும். இன்னா சொல்லுவ?"

"காரைக்கால் போயிருக்கு."

இன்னொரு அறை. "அழுதுகிட்டே சொல்லாதடா. சாதாரணமா சொல்லு."

சாதாரணமாகச் சொல்லிக் காட்டினேன்.

எட்டு நாள் மாமா பரணில் இருந்தார். கீழே அடுப்பு எரியும்போது மேலே எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். புகையில் அவருக்கு இருமல் வந்தால் அப்பா கரண்டியால் குண்டானைத் தட்டுவார். முன்னறையில் சாப்பிடுகிறவர்களுக்குச் சமையல்காரர் கோபமாக இருக்கிறார் என்று தோன்றும். சாயங்காலம், பாத்திரம் கழுவுகிறவரும் போன பிறகு, ஏணி வைத்துச் சாப்பாட்டை மேலே கொண்டு போவது நான்தான். ஒருநாள் கேட்டேன்.

"மாமா, அந்தண்ணன வேணும்னே அடிச்சியா?"

"இல்லடா. துடுப்பு வழுக்கிடிச்சி."

சோற்றைப் பிசைந்தார், சாப்பிடவில்லை. "வேணும்னுதான்டா அடிச்சேன். அது வெரலுன்னு தெரியும்," என்றார்.

அந்தப் பையனைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சு வந்தது அந்த ஒரே தடவைதான். அம்மாவும் அப்பாவும் அவனைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக் கேட்டதில்லை.

ஐஸ்காரர் வழக்கம்போலச் சாப்பிட வந்துகொண்டிருந்தார். "இன்னாடா, ஒங்க மாமன எங்க காணோம்?" என்று ஒருநாள் கேட்டார். "காரைக்கால் போயிருக்கு," என்றேன். அழாமல், சாதாரணமாகச் சொன்னேன். எனக்கே பெருமையாக இருந்தது.

அன்று சாயங்காலம் அப்பாவும் அம்மாவும் அதைப் பற்றிப் பேசினார்கள். "அவரு நம்ம சோத்த தின்ன மனுசன். அவரால ஒண்ணும் வராது," என்றாள் அம்மா. "எனக்குக் கழுவுறவன் மேலதான் கண்ணு. அவன் பொண்டாட்டி அந்தக் குப்பத்துக்காரி," என்றார் அப்பா. ரெண்டு பேரும் ஆளை மாற்றிக் கணித்தார்கள்.

மாமா மீன் கொண்டு வராததால் அந்த நாட்களில் அப்பா மார்க்கெட்டில் நெத்திலி, காரப்பொடி மாதிரி பொடிமீன்தான் வாங்கினார். அதனால் தலைப்பேச்சே எழவில்லை. ஒன்பதாம் நாள் பெரிய கொடுவா ஒன்று மலிவாகக் கிடைத்தது என்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அப்பா தலை தின்ன மாட்டார். அம்மா அதைத் தனியாகச் சின்னச் சட்டியில் குழம்பு வைத்து மூடி, அடுப்போரம் ஒதுக்கினாள். எட்டு நாளாகத் தம்பி வாய்க்கு ருசியாக ஒன்றும் தின்னவில்லை என்ற குறை அவளுக்கு. அன்று குழம்பு கொதித்த வாசனையில் எதிர்வீட்டு ஆட்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள்.

பன்னிரண்டரைக்கு ஐஸ்காரர் வந்தார். இலையில் விழுந்த துண்டைப் பார்த்தார்.

"ஏ, கொடுவா! ஒங்க மாமன்தான் காரைக்காலாச்சே. தலை இன்னிக்கு எனக்குத்தான?"

அம்மா உள்ளே போயிருந்தாள். மாமா எங்கே என்று கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். தலையைக் கேட்டால் என்ன சொல்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை. தலையை விற்க மாட்டோம் என்கிற வீட்டுப் பெருமைதான் வாயில் வந்தது.

"தலையெல்லாம் குடுக்க மாட்டாங்க. எடுத்து வெச்சாச்சு."

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை. "எடுத்து வெச்சாச்சா?" என்றார். அவ்வளவுதான். ரெண்டாம் முறை சோறு வாங்கினார், மோர் வாங்கினார். கை கழுவப் போனார். போகும்போது சமையற்கட்டில் ஒரு நொடி நின்று பரணை அண்ணாந்து பார்த்தார். திரும்பி வந்து என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

அவருடைய எச்சில் இலையை எடுக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டில் தலை யாருக்கு என்று அவருக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. இதை நன்றாகக் கவனியுங்கள். ஒரு மணி நேரம். மாமாவைப் பின்சுவர் ஏற்றி எங்கேயாவது அனுப்பியிருக்கலாம். நான் சமையற்கட்டு வாசலில் போய் நின்றேன். அப்பா ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாடா நிக்கிற?"

என் கன்னம் சூடாகிவிட்டது. அவர் அடிக்கவே இல்லை, ஆனால் சூடாகிவிட்டது.

"ஒண்ணுமில்ல."

"போயித் தண்ணி வை."

போனேன்.

ரெண்டு மணிக்கு மூன்று பேர் வந்தார்கள். புது முகங்கள். நான் இலை போட்டேன். அம்மா சோறு போட்டாள். அவசரமில்லாமல் சாப்பிட்டார்கள். அவர்களில் மூத்தவன் ரெண்டாம் முறை குழம்பு வாங்கி, "யக்கா, கொழம்பு நல்லாக்குது," என்றான். வேறு யாரும் இல்லை, சொல்தா மட்டும் தன் பெஞ்சில் மோர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மூன்று பேரும் எழுந்து கை கழுவப் போனார்கள். திரும்பி வரும்போது ஒருவன் தோளில் எங்கள் ஏணி இருந்தது.

அப்பா புரிந்துகொண்டார். கொதிக்கிற ரசக் குண்டானை அப்படியே தூக்கி முன்னால் வந்தவன் மேல் வீசினார். அவன் கழுத்திலிருந்து நெஞ்சு வரை தோல் உரிந்து தொங்கியது. அவன் போட்ட சத்தத்தில் சந்தே எழுந்தது. இன்னொருவன் அடுப்பில் எரிந்துகொண்டிருந்த கட்டையை உருவி அப்பாவின் முழங்காலில் அடித்தான். அப்பா விழுந்தார். மூத்தவன் ஏணியில் ஏறி மாமாவின் காலைப் பிடித்து இழுத்தான். மாமா விறகுக் கட்டுகளோடு சேர்ந்து கீழே விழுந்தார். அம்மா ஓடிப்போய் தம்பிமேல் குப்புறப் படுத்துக்கொண்டாள். முடியைப் பிடித்து இழுத்து அவளைச் சுவரில் மோதினார்கள். உதடு பிளந்தது. சின்னச் சட்டி உருண்டு, கொடுவாத் தலை தரையில் விழுந்து, யாரோ ஒருவன் காலடியில் நசுங்கியது.

மாமாவின் வலது கையை இழுத்து அம்மிமேல் வைத்தார்கள். அம்மா காலையில் மிளகாய் அரைத்த அம்மி. மூத்தவன் குழவியைத் தூக்கினான். முதல் அடியில் மாமா கத்தினார். ரெண்டாவது அடியில் கத்தவில்லை. மூன்றாவது அடி எதற்கு என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

"கைக்குக் கை. இத்தோட முடிஞ்சிது," என்றான் அவன். வெந்துபோனவனைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வாசல் வழியாகத்தான் போனார்கள்.

சொல்தா இலையை மடித்துவிட்டு, டம்ளர் தண்ணீரில் விரலை நனைத்துக்கொண்டு, ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அப்புறம் வரவே இல்லை. கோழை என்று அப்பா சாகும்வரை அவரைத் திட்டினார். எழுபது வயசு மனிதர் என்ன செய்திருக்க முடியும் என்று இப்போது தோன்றுகிறது. எனக்குக் கை கால் எல்லாம் நன்றாக இருந்தது. நான் தண்ணீர்ச் செம்பைப் பிடித்தபடி நின்றேன்.

அக்கம்பக்கத்தில் ரிக்ஷா கொண்டு வந்தார்கள். மாமாவின் கையை ஈரத்துண்டில் சுற்றி, அம்மாவும் அப்பாவும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே விறகு சரிந்து விழுந்துவிட்டது என்றுதான் சொன்னார்களாம். பாத்திரம் கழுவுகிறவர் அம்மியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். மிளகாய் எது, ரத்தம் எது என்று தெரியாமல் சிவப்பாக ஓடியது. "நீ உள்ள போ தம்பி, பாக்காத," என்றார்.

நாலரை மணிக்கு அப்பா நொண்டிக்கொண்டு திரும்பி வந்தார். மாமாவுக்கு மாற்றுத் துணி எடுக்க வந்தவர் முற்றத்துக்குப் போய்விட்டார்.

"ஏணி எங்க கெடக்குதுன்னு எவன்டா சொன்னது?"

"மொதலாளி, அது கண்ணு முன்னாடிதான கெடந்திச்சி."

"பரண்ல ஆள் இருக்குன்னு எவன்டா சொன்னது?"

"எனக்கே இன்னிக்குத்தான் தெரியும் மொதலாளி. எம்புள்ளைங்க மேல சத்தியமா."

அப்பா சோற்றுக் கரண்டியை எடுத்தார். நீளமான இரும்புக் கரண்டி. தோளில், முதுகில், காதில் அடித்தார். பாத்திரம் கழுவுகிறவர் கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை. காதிலிருந்து ரத்தம் சட்டைக் காலரில் இறங்கியது. நடுவில் ஒருமுறை என்னைப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. அங்கே இருந்த மூன்றாவது ஆள் நான், அதனால் பார்த்தார். அவ்வளவுதான். நான் சமையற்கட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரெண்டு வார்த்தை சொன்னால் அடி நின்றுவிடும். ஐஸ்காரர்கிட்ட நான்தான் சொன்னேன் என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லை.

அவர் காலை இழுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனார். பாதி தேய்த்த குண்டான் பம்படியில் கிடந்தது. அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

அப்பா மூச்சு வாங்கக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு என் தலையில் கை வைத்தார். "நீ ஒருத்தன்தான்டா வாயக் காப்பாத்துன," என்றார்.

அந்தக் கையின் கனத்தை இப்போதுகூட என்னால் சொல்ல முடியும்.

மாமா கையில் கட்டைவிரல் மட்டும் உருப்படியாக இருந்தது. மறுபடி கடலுக்குப் போகவே இல்லை. மெஸ்ஸில் அம்மாவுக்கு ஒத்தாசையாக இருந்து, இடது கையால் கரண்டி போட்டுச் சாப்பிட்டு, நீங்கள் பிறப்பதற்கு முன்னால் போய்ச் சேர்ந்தார். நம் வீட்டுக் கூடத்தில் மாலை போட்ட படத்தில் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நிற்கிறாரே, அவர்தான். ஐஸ்காரர் ரெண்டு மாதம் கழித்துச் சாப்பிட வந்தார். "வாப்பா, எங்க ஆளையே காணோம்," என்று அம்மா சிரித்து வரவேற்றாள். நான் இலை போட்டுத் தண்ணீர் வைத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் மாமாவிடமும் சொல்லவில்லை, அப்பாவிடமும் சொல்லவில்லை, அம்மா கண்ணை மூடும்போது பக்கத்தில்தான் இருந்தேன், அப்போதும் சொல்லவில்லை.

நீங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது எதை உடைத்தாலும் நான் கை நீட்டியதில்லை. உங்கள் அம்மா அதற்காக என்னோடு சண்டை பிடித்திருக்கிறாள். நல்ல குணத்தினால் அல்ல. அடி வாங்கிய பிள்ளை அந்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்பா துணிப்பையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு வீட்டில் நான் மட்டும் இருந்தேன். தெருக்கதவைச் சாத்தினேன். சோற்றுக் குண்டான் கவிழாமல் இருந்தது. குழம்புச் சட்டியிலும் பாதி இருந்தது. காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை. ஓர் இலையை எடுத்து மேசையில் போட்டேன். தண்ணீர் தெளித்துத் துடைத்தேன். சோறு போட்டு, குழம்பு ஊற்றி, நடுத்துண்டாக ஒன்று எடுத்து வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். ஆறிப்போயிருந்தது. ஆறின குழம்புக்கு ருசி அதிகம். முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து இலையோரம் வைத்துச் சாப்பிட்டேன். எழுந்து போய் மறுபடியும் சோறு போட்டுக்கொண்டு வந்தேன். வயிறு நிறைந்ததும் இலையை எடுத்து நாலாக மடித்து, கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் எறிந்துவிட்டு வந்து, ஈரத்துணியால் மேசையை ரெண்டு தடவை துடைத்தேன்.